நான் இன்னும் ரிட்டையர் ஆகவில்லை

சரவணா,

உன் புது கிளினிக்கின் திறப்பு விழா அழைப்பிதழ் போன வாரமே வந்துவிட்டது. திறந்து வைப்பவர் என்ற இடத்தில் என் பெயரைப் பெரிய எழுத்தில் போட்டிருக்கிறாய். அன்று சாயங்காலமே ஃபோன் செய்து, "எந்தப் புடவைம்மா கட்டிக்கப் போற?" என்று கேட்டாய். "பார்க்கலாம்டா" என்று சொல்லி ஃபோனை அப்பாவிடம் கொடுத்துவிட்டு, அடுப்பில் ஒன்றும் இல்லாதபோதே சமையலறைக்குள் போய் நின்றுகொண்டேன். பேசி முடித்து வந்த அப்பா என் முகத்தைப் பார்த்துவிட்டு, "என்ன, பையன் மேல பொறாமையா?" என்றார். "ஆமாம்" என்றேன். அவர் பலமாகச் சிரித்தார். கல்பாக்கத்தில் கண்ணுக்குத் தெரியாததையெல்லாம் கருவி வைத்து அளந்தே வேலைக்காலத்தைக் கழித்த மனிதருக்கு, எதிரே நிற்கிற மனைவி சொல்வது வேடிக்கையா உண்மையா என்று மட்டும் இன்றுவரை பிடிபடவில்லை. நான் வேடிக்கைக்குச் சொல்லவில்லை. ஃபோனில் உன்னிடம் சொல்ல வாய் வராததால்தான் இதை எழுதுகிறேன். பிள்ளை தன்னைத் தாண்டிப் போனால் தாய்க்குப் பூரிப்பு வரும் என்று ஊரே சொல்கிறது. எனக்கும் வந்தது. அதோடு சேர்ந்து இன்னொன்றும் வந்தது. அது வரும் என்று யாரும் எனக்குச் சொல்லி வைக்கவில்லை. என்னைப் போல வேறு தாய்மார்களும் இருக்கலாம் என்பதால், இதை மற்றவர்கள் படித்தாலும் எனக்கு ஆட்சேபணை இல்லை. நம்மிடம் வந்தவர்களின் பெயரையும் ஊரையும் மட்டும் மாற்றியிருக்கிறேன். யார் யாரென்று உனக்குத் தெரியும்.

உன் இடம் பெரிது, தரைத்தளம், சக்கர நாற்காலி ஏற சரிவு வைத்திருக்கிறாய், வாசலில் நாலு கார் நிற்கலாம் என்பதற்காக வந்த பொறாமை என்று நினைத்துவிடாதே. சரி, கொஞ்சம் அதுவும்தான். என்னுடைய இடம் எப்படி என்று உனக்கே தெரியும். பஸ் ஸ்டாண்ட் பக்கம், மூக்குக்கண்ணாடிக் கடைக்கு மேலே, செங்குத்தான படி. பக்கவாதம் வந்தவர்களைக் கடைப் பையன்கள் இரண்டு பேர் நாற்காலியோடு தூக்கிக்கொண்டுதான் மேலே வருவார்கள். நான் அங்கே போர்டு மாட்டியபோது நீ யூகேஜி. நியூரோசைக்காலஜிஸ்ட் என்ற வார்த்தையை எழுத போர்டு பெயிண்டர் மூன்று முறை என்னிடம் எழுத்துக் கேட்டார். முதல் மாதம் படியேறி வந்தவர்களில் பாதிப் பேர் கண்ணாடி வாங்க வந்து வழி தவறியவர்கள். மூளை டாக்டர்கள் சீட்டு எழுதி அனுப்பியவர்கள் வந்து உட்கார்ந்து, ஊசி எங்கே, மாத்திரை எங்கே, கழுத்தில் மாட்டுகிற குழாய் எங்கே என்று தேடுவார்கள். நான் அரை நாள் முழுக்க வார்த்தைகளைத் திருப்பிச் சொல்லச் சொல்வேன், எண்களைத் தலைகீழாகச் சொல்லச் சொல்வேன், படம் பார்த்து வரையச் சொல்வேன், கட்டைகளை அடுக்கச் சொல்வேன். சிங்கப்பெருமாள் கோயிலிலிருந்து வந்த ஒருவர், "இன்னாமா, எல்கேஜி பசங்களுக்குக் குடுக்கற மாரி கட்டையெல்லாம் குடுக்கற? டாக்டரு எப்ப வருவாரு?" என்று கேட்டார். நான்தான் என்றேன். நம்பாமல் சாயங்காலம் வரை பெஞ்சில் உட்கார்ந்திருந்துவிட்டுப் போனார்.

ஸ்கேன் மூளையின் படத்தைக் காட்டும், அந்த மூளையை வைத்துக்கொண்டு இந்த மனிதர் என்னவெல்லாம் செய்ய முடியும் என்று பார்ப்பதுதான் என் வேலை என்று எத்தனை பேரிடம் சொல்லியிருப்பேன்! தலையாட்டிக் கேட்டுவிட்டு, "உங்க வூட்டுக்காரர்தான் டாக்டருங்களா?" என்பார்கள். நீ படிப்பை முடித்து, தாடியும் புதுச் சட்டையுமாக என்னோடு வேலைக்குச் சேர்ந்த முதல் நாள் உனக்கு நினைவிருக்காது. வலிப்பு வருகிற ஒரு பெண்ணைக் கூட்டிக்கொண்டு அவள் அண்ணன் வந்திருந்தார். நான் உள்ளே நுழைந்தபோது காலை நீட்டி உட்கார்ந்திருந்தவர், எனக்குப் பின்னால் நீ வந்ததும் எழுந்து நின்றார். எனக்கு அந்த மரியாதை வந்து சேரப் பத்து வருஷம் ஆனது. உனக்குக் கதவைத் திறந்ததுமே கிடைத்தது. அது உன் தப்பில்லை. ஆனால் அன்று வீட்டுக்கு வந்து உனக்குப் பிடித்த வத்தக்குழம்பு வைக்காமல் வெறும் ரசம் வைத்தேன். ஏன் என்று நீ கேட்கவில்லை. நானும் சொல்லவில்லை.

இன்னும் கொஞ்சம் பின்னால் போனால், உனக்கு எட்டு வயதில் மாமல்லபுரத்துக்குப் போனோமே, இந்தப் பொறாமை அங்கே போய் நிற்கும். அப்பா அலுவலக நண்பர்களோடு பேசிக்கொண்டிருந்தார். கடற்கரையில் பாசிமணி விற்கிற ஒரு பெண்ணின் பக்கத்தில் நீ மணலில் உட்கார்ந்திருந்தாய். நான் வந்து உன்னைக் கூப்பிடுவதற்குள் அவள் புருஷன் கோபித்துக்கொண்டு போனது, மாமியார் படுத்த படுக்கையாக இருப்பது, கடைசிப் பெண்ணுக்குப் பேச்சு வராதது எல்லாம் உனக்குத் தெரிந்திருந்தது. "நீ என்னடா கேட்டே அவங்ககிட்ட?" என்றேன். "ஒண்ணும் கேக்கலம்மா" என்றாய். கேள்வி கேட்பதற்கென்றே வருஷக்கணக்கில் படித்தவள் நான். கேட்டால்தான் எனக்கு ஜனங்கள் சொல்வார்கள். உனக்குக் கேட்காமலே சொல்கிறார்கள். அன்றைக்கு அதைப் பெருமையாக அப்பாவிடம் சொன்னேன். சொல்லும்போதே நெஞ்சில் ஒரு முள் குத்தியதும் உண்மை. அந்த வயதில் நீ என்மேல் வேறு மாதிரி பொறாமைப்பட்டாய். "அந்த அங்கிள்கூட மட்டும் நாலு மணி நேரம் உக்காந்திருக்கே, என்கூட ஹோம்வொர்க்குக்குப் பத்து நிமிஷம்தான்" என்று அழுவாய். அப்போது எனக்குச் சிரிப்பு வந்தது. இப்போது வரவில்லை.

சரி, காதரைப் பற்றிப் பேசாமல் இந்தக் கடிதம் முடியாது. காதர் என்று வைத்துக்கொள்வோம். திருக்கழுக்குன்றம் பக்கம் பள்ளிக்கூட வேன் ஓட்டியவர். பூஞ்சேரி ரோட்டில் பைக்கிலிருந்து விழுந்து, மண்டையில் ஆபரேஷன் ஆகி, ஆறேழு மாதத்தில் நன்றாக எழுந்து நடமாடத் தொடங்கியிருந்தார். மறுபடி வேன் ஓட்டலாமா என்று எழுதி வாங்கி வரும்படி வேன் முதலாளி சொல்ல, ஆபரேஷன் செய்த டாக்டர் நம்மிடம் அனுப்பினார். கூட அவர் மனைவி ஜமீலா. ஒரு நாள் முழுக்க நான் சோதித்தேன். நினைவு நன்றாக இருந்தது. கை வேகம், கண் வேகம், கணக்கு எல்லாம் அவர் வயதுக்காரர்களைப் போலவே, சிலதில் மேலாகவும் இருந்தது. நடுநடுவே ஜோக் வேறு அடித்தார். முடிவில் நான், "சூப்பர் காதர் பாய்" என்று சொல்லிவிட்டேன். இது நான் உனக்குச் சொல்ல வேண்டிய முதல் புத்திமதி. சோதனை முடிந்ததும் வாய் சும்மா இருக்க வேண்டும். நாம் மரியாதைக்குச் சொல்கிற ஒரு வார்த்தையை அவர்கள் தீர்ப்பாக எடுத்துக்கொண்டு வீட்டுக்குப் போவார்கள்.

ஜமீலாவிடமும் நான் கேட்க வேண்டிய கேள்வி ஒன்று விடாமல் கேட்டேன். கோபம் வருகிறதா, மறதி உண்டா, வேலையைப் பாதியில் விடுகிறாரா? எல்லாவற்றுக்கும், "நல்லாக் கீறாரும்மா" என்றாள். பக்கத்தில் புருஷன் உட்கார்ந்திருக்கும்போது, அவருடைய பிழைப்பே அந்தப் பதிலில் இருக்கும்போது, அவள் வேறென்ன சொல்வாள்? நான் அதைக் கவனித்திருக்க வேண்டும். ரிப்போர்ட்டைத் தட்டச்சு செய்து, கையெழுத்துப் போடப் பேனாவை எடுத்தேன். நீ, "அம்மா, ஒரு நிமிஷம்" என்றாய். ஜமீலா கீழே டீக்கடையில் உன்னிடம் சொன்னதைச் சொன்னாய். நான் உள்ளே காதரோடு கட்டை அடுக்கிக்கொண்டிருந்தபோது, நீ அவள் பக்கத்தில் உட்கார்ந்து டீ குடித்துக்கொண்டிருந்திருக்கிறாய். அவள் சொன்னதை அவள் பேச்சிலேயே சொன்னாய். "தம்பி, அவராண்ட சொல்லிடாதீங்கோ. அடுப்புல பால வெச்சிட்டு அப்டியே தெருவுக்குப் பூடறாரு. பால் பொங்கி, கேஸு வாசன வந்துகினு கீது, இவரு பக்கத்து வூட்ல சிரிச்சிப் பேசிகினு கீறாரு. கேட்டா, 'பால் வெச்சது தெரியுமே'ன்றாரு. தெரியுதாம் தம்பி. தெரிஞ்சிதான் பூடறாரு."

எனக்குக் கோபம்தான் வந்தது. அவள் உன்னிடம் சொன்னதற்குக் கோபம். "வீட்டில் பால் பொங்காத ஆம்பளை யாருடா? என் மார்க்கெல்லாம் பொய்யா?" என்றேன். நீ குரலை உயர்த்தவில்லை. "மார்க் பொய் இல்லம்மா. உன் ரூமில் ஒரு நேரத்தில் ஒரு வேலைதான் இருக்கு. எப்போ ஆரம்பிக்கணும், எப்போ நிறுத்தணும்னு நீ சொல்றே. அவரா எதையும் முடிவு பண்ண வேண்டியே வரல" என்றாய். வெளியே கூட்டிக்கொண்டு போய்ப் பார்க்கலாம் என்றாய். இதெல்லாம் நானும் படித்ததுதான். ஆனால் செங்கல்பட்டு மார்க்கெட்டில் வெயிலில் நின்று யார் செய்வது என்று ஓரமாக வைத்துவிட்டிருந்தேன். சரி என்று ஒப்புக்கொண்டேன். ஒன்றை மறைக்காமல் எழுதுகிறேன். நீ தோற்பதைப் பார்க்கத்தான் நானும் கூட வந்தேன்.

காதரிடம் நாலைந்து வேலை கொடுத்தோம். எலுமிச்சம்பழம் வாங்க வேண்டும், ஒரு கவரைத் தபால் பெட்டியில் போட வேண்டும், மதுராந்தகம் பஸ் எப்போது என்று விசாரிக்க வேண்டும், ஒரு பேனா வாங்கிக்கொண்டு பதினொன்றரைக்குள் மருந்துக்கடை வாசலுக்குத் திரும்பி வர வேண்டும். எல்லாவற்றையும் ஒரே தடவையில் திருப்பிச் சொன்னார். "இதெல்லாம் ஒரு மேட்டராம்மா?" என்று கிளம்பினார். நாம் இருவரும் தள்ளித் தள்ளிப் பின்னால் போனோம். எலுமிச்சம்பழக் கூடை முன்னால் நின்று நன்றாகப் பேரம் பேசி வாங்கினார். நான் உன்னைத் திரும்பிப் பார்த்தேன், பார்த்தாயா என்பது போல. அதற்குள் தெரிந்த ஆட்டோக்காரர் ஒருவர், "இன்னா பாய், சௌக்கியமா?" என்றார். வண்டி ஸ்டார்ட் ஆகவில்லை. காதர் பழத்தைக் கீழே வைத்துவிட்டு ஆட்டோவைத் தள்ளினார். தள்ளிக்கொண்டே போய் ஒரு துணிக்கடை வாசலில் நின்று சட்டை பார்த்தார். ஃபோன் அடித்தது. எடுத்துப் பேசிக்கொண்டே ரோட்டைக் கடந்தார். ஒரு லாரி பிரேக் போட்ட சத்தத்தில் மார்க்கெட்டே திரும்பியது. அவர் டிரைவருக்குக் கையை ஆட்டிச் சிரித்துவிட்டுப் பேச்சைத் தொடர்ந்தார். பன்னிரண்டு மணிக்கு மேல், சட்டைப் பையில் தபால் கவர் அப்படியே இருக்க, வெறும் கையோடு வந்தார். "என்னென்ன வேலை சொன்னோம் பாய்?" என்று கேட்டாய். ஒன்று விடாமல் சொன்னார். அவருக்கு எதுவும் மறக்கவில்லை. எதையும் முடிக்கவுமில்லை.

லாரி பிரேக் சத்தம் கேட்டபோதே எனக்குப் புரிந்துவிட்டது. மூளையின் முன்பக்கம் அடிபட்டால் இப்படித்தான் ஆகும் என்று நூறு பேருக்கு விளக்கியிருக்கிறேன். அது எனக்குத் தெரிந்த விஷயம். நான் மட்டும் ஒரு தடவை படியிறங்கி வந்திருந்தால் எனக்கே கிடைத்திருக்கும். அந்த நிமிஷத்தில் காதருக்காகப் பயந்தேனா, வேனில் போகிற பிள்ளைகளை நினைத்தேனா என்றால், அதெல்லாம் பிறகுதான் வந்தது. முதலில் வந்தது, இவன் கண்டுபிடித்துவிட்டானே என்பது.

முடிவை நான்தான் சொல்வேன் என்று பிடிவாதம் பிடித்தேன். என் கையெழுத்து, என் ரூம். எல்லாவற்றையும் முறையாக, மெதுவாக, படம் வரைந்து விளக்கினேன். காதர் எழுந்து நின்றுவிட்டார். "அன்னிக்கி சூப்பர்னு நீதானம்மா சொன்ன? இப்ப இன்னா மாத்திப் பேசற? என் பொழப்புல மண்ணள்ளிப் போடறதுக்கா நாளு பூரா கட்ட அடுக்கச் சொன்ன?" என்று கத்தினார். ஜமீலா முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டாள். அவர் உன் பக்கம் திரும்பி, "தம்பி, நீயாச்சும் சொல்லுப்பா" என்றார். நீ வேன் ஓட்டலாம் என்றும் சொல்லவில்லை, கூடாது என்றும் சொல்லவில்லை. "உக்காருங்கண்ணே. வண்டில யாரெல்லாம் வருவாங்க?" என்று கேட்டாய்.

அவர் உட்கார்ந்தார். "மொத ஸ்டாப்புல ரெட்டப் புள்ளைங்க. ஒண்ணு அழுதுகினே ஏறும், ஒண்ணு சிரிச்சிகினே ஏறும். அப்பறம் டெய்லரு பொண்ணு. அது வாந்தி எடுக்கும், ஜன்னலாண்ட குந்த வெக்கணும். கடேசி ஸ்டாப்புல ஒரு வாலுப் பையன். வேனப் பாத்துட்டா போதும், இந்தாண்ட அந்தாண்ட பாக்காம ஓடியாந்துடுவான்..." அதோடு நின்றது. நான் பேச வாயைத் திறந்தேன். மேஜைக்கு அடியில் உன் கால் என் காலை மிதித்தது. வாயை மூடிக்கொண்டேன். காதர் தன் கையைப் பார்த்துக்கொண்டிருந்தார். வெகு நேரம் கழித்து, "அவன் ஓடியாறப்ப எனுக்கு போன் வந்துச்சின்னா..." என்றார். அதற்கு மேல் சொல்ல முடியாமல் மனைவி தோளில் முகத்தை வைத்துக்கொண்டார். என் படங்களும் விளக்கங்களும் மேஜையில் கிடந்தன. நான் இத்தனை வருஷம் ஜனங்களிடம் கொண்டுபோய்ச் சேர்க்கப் பாடுபட்ட ஒன்றை, நீ சும்மா உட்கார்ந்திருந்தே சேர்த்துவிட்டாய். அன்று எனக்கு வந்த பொறாமைக்கு முன்னால் அந்த ரசம் வைத்த நாளெல்லாம் ஒன்றுமே இல்லை.

ஒன்றை மட்டும் ஒப்புக்கொள். காதரை அதே வேனில் பிள்ளைகளை ஏற்றி இறக்குகிற ஆளாகப் போகச் சொன்னது நான். ஒரு நேரத்தில் ஒரு வேலை, ஃபோன் வீட்டில், கூட ஓட்டுநர் இருப்பார் என்று முதலாளியிடம் பேசிச் சம்மதிக்க வைத்ததும் நான். அந்த வாலுப் பையனைக் கையைப் பிடித்து ரோட்டைத் தாண்ட வைப்பது இப்போது காதர்தான். ஆனால் ரம்ஜானுக்கு ஜமீலா தூக்குச்சட்டியோடு படியேறி வந்து, "தம்பி இல்லீங்களா?" என்று என்னைத் தாண்டி எட்டிப் பார்த்தாள். நீ வெளியே போயிருந்தாய். "தம்பி கையில குடுத்துடுங்கோம்மா, அதுக்குன்னு செஞ்சது" என்று சொல்லி வைத்துவிட்டுப் போனாள். அந்தப் பிரியாணி உனக்கு வந்து சேரவில்லை என்பது இப்போது உனக்குத் தெரிந்துவிடும். நானும் அப்பாவும் சாப்பிட்டோம். ரொம்ப நன்றாக இருந்தது.

அதற்குப் பிறகுதான் வரிசையாக எல்லோரும் உன்னைக் கேட்டு வந்தார்கள். நீ கடற்கரைப் பக்கத்து ஜனங்கள் இவ்வளவு தூரம் பஸ் ஏறி வருகிறார்களே, அங்கேயே ஒரு இடம் பார்க்கலாம் என்று சொன்னபோது, நல்ல யோசனை என்று முதலில் சொன்னவள் நான்தான். உள்ளுக்குள், போனால் போ, என் ரூம் எனக்குத் திரும்பக் கிடைக்கும் என்று இருந்தது. நீ போன பிறகும் ஃபோன் வந்தது. வரவேற்பு மேஜையில் இருக்கும் நம் மாலதி ஃபோனைக் கையால் பொத்திக்கொண்டு, "தம்பி சார் இருக்காரான்னு கேக்கறாங்க மேடம். இல்லன்னா அப்பறமா வரோம்ன்றாங்க" என்பாள். நான் கண்ணாடியைத் துடைத்துக்கொண்டே, "நம்பர் கொடுத்துடு" என்பேன். கொடுக்கிறாளா என்று காதைத் தீட்டிக்கொண்டு கேட்பேன்.

போன புதன்கிழமை உன்னிடம் சொல்லாமல் உன் இடத்தைப் பார்க்க வந்தேன். திருக்கழுக்குன்றம் வழியாகப் போகிற பஸ்ஸில் ஏறிப் பூஞ்சேரியில் இறங்கினேன். காற்றில் உப்பு வாசனை. வெள்ளைச் சுவர், பெரிய ஜன்னல். ஏணியில் நின்று ஒருவர் கதவுக்கு மேலே பெயிண்ட் அடித்துக்கொண்டிருந்தார். என்னைப் பார்த்து, "பேஷண்டாம்மா? இன்னும் தொறக்கலியே. ஞாயித்துக்கெழம தொறக்கறாங்கோ" என்றார். "டாக்டர் எப்படி?" என்று கேட்டேன். "நல்ல மாதிரிம்மா. நம்மளாண்ட குந்திகினு டீ குட்ச்சிட்டுப் போவாரு. அவங்க அம்மாவும் இதே வேலதானாம், செங்கல்பட்டாண்ட. இப்ப வயசாயிடிச்சி, வுட்டுட்டாங்களாம்." எனக்குத் தலைக்கு ஏறிய ரத்தம் இறங்கவே இல்லை. நீ அப்படிச் சொல்லியிருக்க மாட்டாய் என்று எனக்குத் தெரியும். நீ ஏதோ சொல்ல, அவர் ஏதோ புரிந்துகொண்டிருப்பார். ஆனாலும் திரும்புகிற பஸ்ஸில் முழுக்க உன்னோடு மனசுக்குள் சண்டை போட்டுக்கொண்டே வந்தேன். இறங்கியபோது டிக்கெட்டைக் கையில் கசக்கித் தூளாக்கியிருந்தேன்.

மறுநாள் மதுராந்தகத்திலிருந்து ஒரு அம்மா வந்தார்கள். அறுபதைத் தாண்டியவர். கேட்டதையே கேட்கிறார், வைத்த சாமானைத் தேடுகிறார் என்று மகனும் மருமகளும் கூட்டி வந்தார்கள். சோதித்தேன். வார்த்தைகள் தங்கவில்லை, கவனம் நழுவிக்கொண்டே இருந்தது, எல்லாம் மெதுவாக வந்தது. மகன் முன்னால் மருமகளிடம் எல்லாம் கேட்டேன். சொன்னாள், அளவாக. ஆரம்பநிலை மறதி நோய் என்று ரிப்போர்ட்டில் பாதி வாக்கியம் எழுதிவிட்டேன். எதிர் நாற்காலி காலியாக இருந்தது. யாரும் "ஒரு நிமிஷம்மா" என்று சொல்லவில்லை. சரவணா, சொந்தமாக கிளினிக் வைப்பதில் இருக்கிற ஆபத்து அதுதான். ஆஸ்பத்திரியில் நாலு பேர் கூட இருப்பார்கள், தப்பென்றால் யாராவது புருவத்தைத் தூக்குவார்கள். இங்கே கதவைச் சாத்திவிட்டு நாம் எழுதுவதுதான் முடிவு. ஒருவர் வேலைக்குப் போவதும் வீட்டில் முடங்குவதும் அந்த ஒரு வரியில் இருக்கிறது. இத்தனை வருஷம் எனக்கு அது தெரியாமலே போயிற்று. நீ இரண்டு வருஷம் எதிரே உட்கார்ந்து என் உயிரை வாங்கியதால்தான் தெரிந்தது.

லேப்டாப்பை மூடிவிட்டு, முட்டி வலியோடு படியிறங்கினேன். மகன் வண்டி எடுக்கப் போயிருந்தார். மருமகள் டீக்கடை பெஞ்சில் தனியாக இருந்தாள். பக்கத்தில் உட்கார்ந்து ஒரு டீ சொன்னேன். ஒன்றும் கேட்கவில்லை. கேட்காமல் இருப்பது எவ்வளவு கஷ்டம் என்று உனக்குத் தெரியாது, உனக்கு அது பிறவியிலேயே வந்தது. எனக்கு நாக்கு துடித்தது. டீ சூடாக இருந்ததால் தப்பித்தேன். அவள் டீயில் சர்க்கரை அதிகம் என்றாள். ஏரியில் தண்ணீர் குறைந்துவிட்டது என்றாள். பிறகு ரோட்டைப் பார்த்துக்கொண்டே, "அத்த தூங்கறதுக்கு மாத்திர போடுது மேடம். பக்கத்து வூட்டு அக்கா வாங்கிக் குடுத்துகினு கீது. மாமா போனதுலேர்ந்து. ஒண்ணு போட்டது இப்ப மூணு ஆயிடிச்சி. அவருக்குத் தெரிஞ்சா கத்துவாரு, அதான் மேல சொல்லல" என்றாள்.

அந்த மாத்திரை எந்த டாக்டர் சீட்டிலும் இல்லை. அந்த அம்மாவின் மறதி முழுக்க அதனாலாக இருக்கலாம், பாதி அதனாலாக இருக்கலாம், நான் முதலில் எழுதியதே சரியாகவும் இருக்கலாம். அனுப்பிய டாக்டரிடம் பேசினேன். சட்டென்று நிறுத்தாமல் கொஞ்சம் கொஞ்சமாகக் குறைக்கிறேன் என்றார். அதன் பிறகு மறுபடி சோதிக்க வேண்டும். இன்னும் ஒன்றும் தெரியாது. ஆனால் அந்த ரிப்போர்ட் போகவில்லை. அன்று அவர்கள் கிளம்பியதும், டீக்கடையில் நின்றபடியே உன் நம்பரை அழுத்தினேன். "பார்த்தாயா, நீ இல்லாமலே" என்று சொல்ல வேண்டும் போல இருந்தது. மணி அடிப்பதற்குள் நிறுத்திவிட்டேன். நிறுத்திய பிறகுதான் எனக்கு என்ன வேண்டியிருந்தது என்று புரிந்தது. உன் பாராட்டு எனக்கு வேண்டாம். நீயும் என்மேல் ஒரு நாளாவது பொறாமைப்பட வேண்டும். என் மகன் என்பதற்காக இல்லாமல், இதே வேலை செய்கிற ஒருவனாக.

ஞாயிற்றுக்கிழமை வருகிறேன். அந்த மாம்பழக் கலர் பட்டைக் கட்டிக்கொண்டு வருகிறேன். ரிப்பனை நானே வெட்டுகிறேன், கொஞ்சம் முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டிருந்தால் கண்டுகொள்ளாதே. விழா முடிந்து எல்லோரும் போனதும் மதுராந்தகத்து அம்மாவின் சோதனைத் தாள்களை உன் முன்னால் போடப் போகிறேன், பெயரை மறைத்துவிட்டு. உன்னிடமும் தீராத கேஸ் ஒன்று இருந்தால் எடுத்து வை. சண்டை போடலாம். மத்தியானச் சாப்பாடு ஆறினாலும் பரவாயில்லை. ஒரே ஒரு நிபந்தனை. வருகிறவர்களிடம் என்னை அறிமுகப்படுத்தும்போது, "எங்க அம்மா" என்று சொல்லிவிட்டு நிறுத்திவிடாதே. செங்கல்பட்டில் இதே பிராக்டீஸ் வைத்திருக்கிறார், திங்கள் முதல் சனி வரை இருப்பார் என்றும் சொல். பெயிண்டர் அங்கே இருந்தால், அவர் காதில் விழுகிற மாதிரி சொல்.

அன்புடன்,
அம்மா